மேய்ன் கடலில் படகு எடுக்கப் போறீங்களா? மிதவை எங்கே என்பதைவிட கயிறு எந்தப் பக்கம் என்பது முக்கியம்

பாஸ்டன் பக்கம் வேலை பார்ப்பவர்கள் நீண்ட வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு போகும் இடங்களில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலமும் ஒன்று. பாஸ்டனிலிருந்து போர்ட்லாந்து நகரம் சுமார் 175 கி.மீ. அங்கே ஒரு படகை எடுத்துக்கொண்டு துறைமுகத்தைத் தாண்டினால், தண்ணீர் முழுக்க அள்ளித் தெளித்த மாதிரி வண்ண வண்ண மிதவைகள். போட்டோ எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு மிதவைக்குக் கீழேயும் ஒரு கயிறு போகிறது. அந்தக் கயிற்றின் மறுமுனையில், கடல் தரையில், லாப்ஸ்டர் பிடிக்கிற கம்பிக் கூடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கயிறு உங்கள் படகின் புரொப்பல்லரில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். பாறைகள் நிறைந்த கரைக்குப் பக்கத்தில், காற்று அடிக்கும் நேரத்தில் எஞ்சின் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. இன்னொரு பக்கம், நீங்கள் அறுத்துவிட்டுப் போகும் கயிறு ஒரு மீனவரின் கூட்டைக் கடலுக்கு அடியில் அநாதையாக விட்டுவிடும். அதே கயிறுதான் அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு திமிங்கில இனத்தைக் காப்பாற்றும் சண்டையின் மையத்திலும் இருக்கிறது.

இந்தக் கயிறு எங்கே இருக்கும், எப்படித் தவிர்ப்பது, சிக்கினால் என்ன செய்வது? பார்க்கலாம்.

எத்தனை மிதவைகள் இருக்கும்?

மேய்ன் மாநிலத்தில் வணிக உரிமம் உள்ள ஒரு லாப்ஸ்டர் மீனவர் அதிகபட்சம் 800 கூடுகள் வரை போடலாம். சில இடங்களில் உச்சவரம்பு இதைவிடக் குறைவு. ஒவ்வொரு கூட்டிலும் அரசு தரும் வில்லை ஒன்று மாட்டியிருக்க வேண்டும். மாநிலம் முழுக்க கிட்டத்தட்ட 30 லட்சம் கூடுகள் என்பது பல ஆண்டுகளாகப் புழங்கும் கணக்கு.

இந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். வில்லை வாங்கிய எல்லோரும் எல்லாக் கூடுகளையும் ஒரே நேரத்தில் கடலில் போடுவதில்லை. எல்லாக் கூட்டுக்கும் தனித்தனி மிதவையும் கிடையாது. ஒரு கயிற்றில் இரண்டு கூடு இருக்கலாம். ஆழ்கடலில் வரிசையாகப் பல கூடுகளைக் கோத்து, முனைகளில் மட்டும் மிதவை விடுவார்கள். ஆக, மிதவைகளின் எண்ணிக்கை 30 லட்சத்தைவிடக் கணிசமாகக் குறைவு.

அப்படியும் ஏன் இவ்வளவு நெருக்கம்? காரணம் பருவம். கோடையில் லாப்ஸ்டர்கள் ஓடு கழற்றுவதற்காகக் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வருகின்றன. கூடுகளும் பின்னாலேயே வருகின்றன. ஜூலை முதல் இலையுதிர் காலம் வரை மீன்பிடி உச்சத்தில் இருக்கும். சுற்றுலாப் படகுகள் கிளம்புவதும் அதே மாதங்களில்தான். இரண்டு கூட்டமும் ஒரே குறுகிய நீர்ப்பரப்பில், ஒரே நேரத்தில் சந்திக்கின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். மன்ஹீகன் என்ற சின்னத் தீவைச் சுற்றியுள்ள பகுதியில் அக்டோபரில்தான் சீசன் தொடங்கும். நடுக்கோடையில் அங்கே கூடு போட அனுமதி இல்லை. சுற்றிலும் மிதவைக் காடாக இருக்கும்போது அந்தத் தீவின் பக்கம் மட்டும் கடல் வெறிச்சென்று இருப்பது இதனால்தான்.

கூடு என்பது நமக்குப் புதுசு இல்லை

மன்னார் வளைகுடாப் பக்கம் கூடு வைத்து மீன் பிடிக்கும் பழக்கம் உண்டு. அதே அடிப்படைதான். உள்ளே இரை. நுழைவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். சில நாள் கழித்து மீனவர் வந்து, மிதவையைக் கொக்கியால் பிடித்து இழுத்து, விஞ்சில் கயிற்றைச் சுற்றிக் கூட்டை மேலே தூக்குவார். அளவுக்குச் சிறியவையும், முட்டை சுமக்கும் பெண் லாப்ஸ்டர்களும் திரும்பக் கடலுக்குள் போய்விடும்.

மிதவையின் வண்ணம் அழகுக்காகப் பூசியது இல்லை. அது ஒவ்வொரு மீனவருக்கும் பதிவு செய்யப்பட்ட அடையாளம். உரிம எண்ணும் மிதவையில் இருக்கும். அதே வண்ணத்தை அவர் தன் படகிலும் காட்ட வேண்டும். ஒரு வளைகுடாவில் மஞ்சள் பச்சை மிதவை மிதந்தால், அது யாருடையது என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கயிறு எந்தப் பக்கம் இருக்கும்?

படகு ஓட்டுபவருக்கு மிதவை மட்டும்தான் தெரியும். ஆபத்து தண்ணீருக்குள் இருக்கிற கயிற்றில். அதை நேராகப் பார்க்க முடியாது, ஊகிக்க முடியும்.

நீரோட்டம் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். தென்மாவட்ட மீனவர்கள் இதை நீவாடு என்பார்கள். கூடு தரையில் கனமாக உட்கார்ந்திருக்கிறது. நீவாடு மிதவையைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியானால் கயிறு, மிதவையிலிருந்து நீர் வருகிற திசையை நோக்கிச் சாய்ந்து கீழே இறங்கும். நீர் போகிற பக்கத்தில் கயிறு இருக்காது.

இதிலிருந்து கிடைக்கும் விதி: மிதவையை அதன் கீழ்நீர்ப் பக்கமாக, அதாவது நீர் ஓடிப்போகும் பக்கமாகக் கடந்து போங்கள்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் மிதவையே சொல்லிவிடும். அது சாய்ந்திருக்கும் திசையைப் பாருங்கள். அதற்குப் பின்னால் தண்ணீரில் சின்னதாக ஒரு வால் மாதிரி அலைக்கோடு விழும். அந்த வால் இருப்பதுதான் கீழ்நீர்ப் பக்கம். பலத்த காற்று அடித்தால் இந்தக் கணிப்பு கொஞ்சம் குழம்பும். அப்போது ஒரே மிதவையை நம்பாமல் நான்கைந்தைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இரட்டை மிதவை என்றால் கூடுதல் கவனம்

மேய்ன் கரையின் கிழக்கே போகப் போக, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகிறது. போர்ட்லாந்தில் சராசரியாக 2.7 மீட்டர் போல. கிழக்குக் கோடியில் இருக்கும் ஈஸ்ட்போர்ட்டில் 5.5 மீட்டரைத் தாண்டும். கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

உயரமான ஏற்றத்திலும் மிதவை மேலே நிற்க வேண்டும் என்றால் கயிறு நீளமாக இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் வற்றும்போது அந்த நீளக் கயிறு தொய்ந்து, தரையில் இருக்கும் பாறைகளில் உரசும். இதைத் தடுக்க, முக்கிய மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் அதே கயிற்றில் இன்னொரு சின்ன மிதவையைக் கட்டுவார்கள். அங்கே அதற்கு டாகிள் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், டாகிளுக்கும் முக்கிய மிதவைக்கும் நடுவே உள்ள கயிறு பல நேரம் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் கிடக்கும். ரெண்டு மிதவை, நடுவில் தாராளமாக இடம், உள்ளே புகுந்து போயிடலாம் என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. ஒரு பெரிய மிதவையும் பக்கத்திலேயே ஒரு சின்னதும் தெரிந்தால், இரண்டையும் ஒரே பொருளாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய மிதவையின் கீழ்நீர்ப் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

இன்னொன்று, நீரோட்டம் மிக வேகமாக இருக்கும்போது சில மிதவைகள் முழுசாகத் தண்ணீருக்குள் இழுக்கப்பட்டுவிடும். மேலே ஒன்றும் தெரியாது. வேக நீரோட்டம் உள்ள கால்வாய்களில் நீர் ஓட்டம் தணியும் நேரமாகப் பார்த்துப் போவது பாதுகாப்பு.

கிளம்பும் முன்பும் ஓட்டும்போதும்

வெளிச்சம்: ரேடார் இந்தச் சின்ன மிதவைகளைக் காட்டும் என்று நம்பாதீர்கள். கண்தான் ஒரே கருவி. அதனால் இருட்டில் போக வேண்டாம். மாலையில் மேற்கு நோக்கிப் போனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், மிதவைகள் கண்கூச்சத்தில் மறைந்துபோகும். முடிந்தவரை சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள். நீர்ப் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி உண்மையிலேயே உதவும்.

மூடுபனி: ஜூலை, ஆகஸ்டில் அங்கே மூடுபனி சகஜம். பனி இறங்கினால் வேகத்தைக் குறைத்து, படகின் முன்பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் கத்திச் சொல்வதைவிட, கையை நீட்டிக் காட்டுவது மேல். எஞ்சின் சத்தத்தில் 'இடமா வலமா' என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஆட்டோபைலட்: மிதவை அதிகமுள்ள பகுதியில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போகக் கூடாது. ஒருவர் கை எப்போதும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

நியூட்ரல்: விலக முடியாமல் ஒரு மிதவை படகுக்கு அடியில் போய்விட்டதா? உடனே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். சுழலாத புரொப்பல்லரில் கயிறு சுற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. படகு தன் வேகத்திலேயே கயிற்றைத் தாண்டிவிடும். மிதவை பின்பக்கம் மேலே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கியர் போடுங்கள்.

படகின் அமைப்பு: பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்தால், அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பழைய பாணியில் முழுநீளக் கீல் உள்ள படகில் புரொப்பல்லரும் சுக்கானும் அதன் மறைவில் இருக்கும், கயிறு வழுக்கிப் போய்விடும். நவீன படகுகளில் கீல் குட்டை. சுக்கான் தனியாகத் தொங்கும். கயிறு மாட்டிக்கொள்ள இடம் அதிகம். புரொப்பல்லர் தண்டில் கயிறு வெட்டும் பிளேடு பொருத்திய படகுகளும் உண்டு.

சான்றிதழ்: 2024 ஜனவரி 1 முதல் மேய்னில் ஒரு புது விதி. 1999 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு சிக்கிவிட்டது. இப்போ என்ன?

முதல் வேலை, நியூட்ரல். இரண்டாவது, எஞ்சினை அணைப்பது. 'ரிவர்ஸ் போட்டா கழண்டுடும்' என்று வேகமாகப் பின்னால் எடுப்பது பெரும்பாலும் இன்னும் இறுக்கிவிடும்.

அவுட்போர்டு எஞ்சின் என்றால் அதிர்ஷ்டம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, புரொப்பல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, கயிற்றைக் கையால் பிரித்து விடலாம். பின்பக்கம் சாய்ந்து வேலை செய்பவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும்.

உள்எஞ்சின் படகில் நிலைமை வேறு. கூடு ஒரு நங்கூரம் மாதிரி உங்கள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அலையைச் சந்திக்கிற மாதிரி கட்டப்பட்டது படகின் முன்பக்கம்தான். பின்பக்கம் தாழ்வாக இருப்பதால் அலைத்தண்ணீர் உள்ளே ஏறும். பாய் விரித்திருந்தால் இறக்குங்கள். கொக்கிக் கம்பால் கயிற்றைப் பிடித்து, தளர்த்திப் பாருங்கள். சுக்கானில் மட்டும் மாட்டியிருந்தால், கயிற்றைக் கீழே அழுத்தினாலே பல நேரம் விடுபடும். கயிறு விடுபட்ட நொடியில் படகு மிதந்து போகத் தொடங்கும் என்பதால் நங்கூரத்தைத் தயாராக வைத்திருங்கள்.

தண்ணீரில் குதித்து அவிழ்க்கலாமே என்று தோன்றலாம். அவசரப்படாதீர்கள். கோடையிலும் மேய்ன் கடல் நம்ம மெரினா மாதிரி இருக்காது. திடீர்க் குளிர் மூச்சை அடைக்கும். அலையில் ஏறி இறங்கும் படகின் அடிப்பாகம் தலையில் இடிக்கலாம். கயிறு காலிலும் சுற்றலாம். அனுபவமும் குளிருடையும் இல்லாதவர் இறங்கவே கூடாது. வி.எச்.எஃப். ரேடியோவில் 16வது சேனலில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடலாம். ஆபத்தில்லாத நிலை என்றால் இழுவைப் படகு சேவையை அழைக்கலாம். பக்கத்தில் லாப்ஸ்டர் படகு இருந்தால் கையசைத்துக் கேளுங்கள். அந்தக் கயிறு எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

விடுபட்ட பிறகு படகின் அடித்தளத்தில் தண்ணீர் சேர்கிறதா என்று பாருங்கள். புரொப்பல்லர் தண்டு இழுபட்டிருந்தால் அங்கிருந்து கசிய ஆரம்பிக்கலாம்.

கயிறை அறுத்துவிட்டுப் போகலாமா?

மேய்ன் சட்டப்படி, இன்னொருவரின் லாப்ஸ்டர் கூட்டையோ கயிற்றையோ மிதவையையோ தூக்குவதும் சேதப்படுத்துவதும் குற்றம். உயிருக்கோ படகுக்கோ ஆபத்து என்றால் அறுப்பதைத் தவிர வழி இல்லாமல் போகலாம். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும்.

முடிந்தால் அறுத்த இரண்டு முனைகளையும் திரும்ப முடிச்சுப் போட்டு, மிதவை கூட்டோடு சேர்ந்தே இருக்கும்படி விடுங்கள். முடியவில்லை என்றால் மிதவையின் வண்ணம், எண், இடம் மூன்றையும் குறித்து, மாநிலக் கடல் ரோந்துப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? மிதவை போனால் கூடு எங்கே என்று மீனவருக்குத் தெரியாது. கூடு, கயிறு, மிதவை என்று ஒரு செட்டுக்கு 100 டாலருக்கு மேல் ஆகும். அன்றைய பிடியும் போச்சு. பெரிய கம்பெனிகளின் தொழில் இல்லை இது. சொந்தப் படகில், ஓரிரு உதவியாளர்களோடு போகிறவர்கள்தான் பெரும்பாலும். 2024இல் மேய்ன் மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்த லாப்ஸ்டர் சுமார் 39,000 டன். அதன் மதிப்பு 50 கோடி டாலருக்கு மேல். எடையில் பார்த்தால், சில ஆண்டுகளாகவே பிடிப்பு குறைந்துகொண்டு வருகிறது.

கைவிடப்பட்ட கூடு கடலுக்கடியில் சும்மாவும் இருக்காது. உள்ளே போனவை செத்து, அவையே அடுத்ததற்கு இரையாகலாம். இதனால்தான் நாளடைவில் மக்கிப்போய்த் திறந்துகொள்ளும் ஒரு வாசல் ஒவ்வொரு கூட்டிலும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அது திறக்கும் வரை கூடு பிடித்துக்கொண்டே இருக்கும்.

அதே கயிறு, வேறொரு உயிர்

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் இப்போது உலகில் 400க்கும் குறைவு. இவற்றில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையாவது மீன்பிடிக் கயிற்றில் சிக்கியிருக்கின்றன என்கிறது அமெரிக்க அரசின் கடல்சார் அமைப்பான நோவா. கப்பல் மோதலும் கயிறும்தான் இவற்றின் இரு பெரிய எமன்கள். 2017இல் மட்டும் கனடா, அமெரிக்கக் கடல்களில் 17 திமிங்கிலங்கள் இறந்துபோயின.

அதன் பிறகு விதிகள் இறுகின. ஒரு மிதவைக் கயிற்றுக்கு அதிகக் கூடுகள் கட்ட வேண்டும். சுமார் 770 கிலோ விசையில் அறுந்துவிடும் பலவீனமான பகுதிகள் கயிற்றில் இருக்க வேண்டும். மேய்ன் கயிறு என்று அடையாளம் தெரிய ஊதா நிறக் குறி வேண்டும்.

மீனவர்களும் எதிர்வாதம் வைத்தார்கள். கடல் வெப்பமாகி, திமிங்கிலங்கள் இரையைத் தேடிக் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போய்விட்டன, பழியை மட்டும் எங்கள் மேல் போடுகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 2022 செப்டம்பரில் மான்டரே பே அக்வேரியத்தின் கடலுணவுப் பட்டியல் அமெரிக்க லாப்ஸ்டரைத் 'தவிர்க்க வேண்டியவை' வரிசையில் சேர்த்தபோது மேய்ன் கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம், புதிய கட்டுப்பாடுகளை 2028 முடிவு வரை தள்ளிவைத்தது.

2024 ஜனவரியில் மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் ஓர் இளம் பெண் திமிங்கிலம் இறந்து ஒதுங்கியது. வாலைச் சுற்றி இறுகியிருந்த கயிற்றில் ஊதாக் குறி. அது மேய்ன் லாப்ஸ்டர் கயிறோடு ஒத்துப்போகிறது என்று நோவா அறிவித்தது. இரு தரப்பு வாதமும் அதன் பிறகு முன்பு மாதிரி இல்லை.

அடுத்து என்ன? கயிறே மேலே வராத கூடு. மிதவையும் கயிறும் கடல் தரையிலேயே சுருட்டிக் கிடக்கும். மீனவர் படகிலிருந்து ஒலி சமிக்ஞை அனுப்பினால் மட்டும் மேலே எழும். இது பரவினால் திமிங்கிலத்துக்கும் நல்லது, நம் புரொப்பல்லருக்கும் நல்லது. ஆனால் ஒரு கருவிக்கே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகிறது. மேலே மிதவை இல்லாவிட்டால், ஏற்கெனவே கூடு கிடக்கும் இடத்தில் இன்னொருவர் தன் கூட்டைப் போட்டுவிடுவாரே என்ற கவலையும் நியாயமானது.

நம்ம கடலில்?

தமிழகக் கரையில் கூடுகளைவிட வலைகளே அதிகம். கொடி கட்டிய கம்பு, தெர்மாக்கோல், பிளாஸ்டிக் கேன் என்று கிடைத்ததெல்லாம் மிதவையாகும். இங்கே முக்கியமான வித்தியாசம் ஒன்று: கூட்டுக்கு ஒற்றைக் கயிறு, வலையோ ஒரு சுவர். ஒரே வரிசையில் இரண்டு கொடிகள் தெரிந்தால், நடுவில் வலை இருப்பதாகவே எடுத்துக்கொண்டு ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும்.

மீன்பிடிக் கருவிகளை யாருடையது என்று தெரியும்படி அடையாளமிடுவதற்காக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018இல் வழிகாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. அவை கட்டாயம் இல்லை, தன்னார்வமானவை. ஆகவே எந்த நாட்டுக் கடலில் என்ன மிதக்கும் என்பதை அந்தந்தத் துறைமுகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுருக்கமாக

* மிதவை சாய்ந்திருக்கும் பக்கம், அதாவது கீழ்நீர்ப் பக்கம் கடந்து போங்கள்.
* பெரிய மிதவைக்கும் சின்ன மிதவைக்கும் நடுவே புகாதீர்கள்.
* அடியில் போய்விட்டால் நியூட்ரல். சிக்கிவிட்டால் எஞ்சின் ஆஃப்.
* இருட்டு, பனி, எதிர்வெயில் மூன்றிலும் அவசரம் வேண்டாம்.
* அறுக்க நேர்ந்தால் திரும்பக் கட்டுங்கள். முடியாவிட்டால் மிதவை எண்ணோடு தகவல் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் படகு தருபவரிடம் 'இந்த வாரம் கூடு எங்கே அதிகமாகக் கிடக்குது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத அந்தத் தகவல் அவர்களிடம் இருக்கும்.